கணக்குக் கேட்டே வாழ்ந்தவர்: நாடாளுமன்றத்தில் இரா. செழியன்

மக்களவையின் பழைய விவாதத் தொகுதிகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பக்கமும் செய்தித்தாள் மாதிரி இரண்டு பத்தியாகப் பிரிந்திருக்கும், எண் போட்டிருப்பதும் பத்திக்குத்தான், பக்கத்துக்கு இல்லை. பேசியவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தொகுதியின் பெயர் இருக்கும். நடுவில் பத்துப் பேர் எழுந்து கத்தினாலும் ‘குறுக்கீடுகள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். உறுப்பினர் தமிழில் பேசியிருந்தால், மூல உரை தமிழில் நிகழ்த்தப்பட்டது என்று அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் வரும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வெளியான அந்தத் தடித்தடிப் புத்தகங்களில் ஒரு தமிழ்ப் பெயர் அடிக்கடி கண்ணில் படும்: செழியன். முதலில் அடைப்புக்குறிக்குள் பெரம்பலூர், அப்புறம் கும்பகோணம்.

இரா. செழியன் யார் என்று இன்று கேட்டால் பெரும்பாலானவர்கள் நாவலர் நெடுஞ்செழியனின் தம்பி என்பார்கள். கொஞ்சம் வயதானவர்கள், 1984இல் தென் சென்னையில் வைஜயந்திமாலாவிடம் தோற்றவர் என்று நினைவுபடுத்துவார்கள். இரண்டும் உண்மைதான், ஆனால் அந்த இரண்டோடு அவரை முடித்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அண்ணன் மாநிலத்தில் கல்வி அமைச்சர், நிதி அமைச்சர், இடைக்கால முதலமைச்சர் என்று பதவிகளில் இருந்தவர். தம்பி ஒரு நாளும் அமைச்சராக இருந்ததில்லை. இரண்டு அவைகளிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து, மாற்றி மாற்றி ஒரே விஷயத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: இதைச் செய்ய உங்களுக்கு அனுமதி கொடுத்தது யார், எந்த விதியில், அவைக்குச் சொன்னீர்களா?

1923 ஏப்ரல் 28ஆம் தேதி, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் திருக்கண்ணபுரத்தில் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் சீனிவாசன். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனபோது சீனிவாசன் செழியன் ஆனார், அந்தக் காலத்துத் திராவிட இயக்க வீடுகளில் நடந்த மாதிரியே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். மேடைப் பேச்சுக்குப் பேர்போன கட்சியிலிருந்து வந்தவர் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசியதற்கு அந்தப் படிப்பும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

1962 தேர்தலில் திமுகவுக்கு மக்களவையில் கிடைத்தது 7 இடம், அதில் ஒருவர் செழியன். ஏழு பேர் உள்ள கட்சிக்கு நாடாளுமன்றத்தில் என்ன நிலைமை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். விவாத நேரம் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பத்தான் பிரித்துக் கொடுக்கப்படும். ஐந்து மணி நேர விவாதத்தில் ஏழு பேர் கட்சிக்கு ஐந்து நிமிடம் வந்தாலே பெரிது. நீளமாகப் பேசி யாரையும் கட்டிப்போட முடியாது. அப்போது மிஞ்சுவது விதிப்புத்தகம்தான். கேள்வி நேரத்தில் ஒரு துணைக் கேள்வி கேட்கலாம். மசோதாவில் ஒரு திருத்தம் கொடுக்கலாம். விதி மீறப்பட்டால் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பலாம். நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு மானியக் கோரிக்கைகள் வரும்போது வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம்.

வெட்டுத் தீர்மானம் பற்றி ஒரு வார்த்தை. அரசு ஒரு துறைக்கு இத்தனை கோடி வேண்டும் என்று கேட்கும். உறுப்பினர் அதில் 100 ரூபாயைக் குறையுங்கள் என்று தீர்மானம் கொடுப்பார். 100 ரூபாயால் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். ஆனால் அந்த நூறு ரூபாய், அந்தத் துறையின் ஒரு குறிப்பிட்ட குறையை அவைக்கு முன்னால் வைப்பதற்கான வாசல். துறையின் கொள்கையே தவறு என்று சொல்ல வேண்டுமானால், மொத்தத் தொகையையும் 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்லித் தீர்மானம் தரலாம். இவை நிறைவேறுவது கிட்டத்தட்ட இல்லை, நிறைவேறினால் அரசே கவிழ்ந்த மாதிரி. ஆனாலும் அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதில் பதிவாகும். சிறிய கட்சிக்காரர்களுக்கு அந்தப் பதிவுதான் சம்பாத்தியம்.

ஒரே ஒரு சொல்லுக்காக எவ்வளவு சண்டை போட வேண்டியிருக்கும் என்பதை அந்த அவைக்காலத்திலேயே தமிழ்நாட்டு உறுப்பினர்கள் பார்த்துவிட்டார்கள். 1963 ஆட்சிமொழிச் சட்டத்தில், 1965க்குப் பிறகும் ஆங்கிலம் தொடர்ந்து ‘பயன்படுத்தப்படலாம்’ என்றுதான் எழுதியிருந்தது. ‘பயன்படுத்தப்பட வேண்டும்’ என்று இருக்க வேண்டும் என்பது திமுகவின் வாதம். இரண்டுக்கும் நடைமுறையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று நேரு சமாதானம் சொன்னார். நேரு 1964இல் காலமானார், 1965 ஜனவரியில் தமிழ்நாடு பற்றி எரிந்தது, 1967இல் அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. சட்டத்தில் எழுதியிருப்பது மட்டும்தான் நிற்கும், எழுதாத வாக்குறுதி சொன்னவரோடு போய்விடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1967இல் திமுக 25 உறுப்பினர்களோடு டெல்லிக்குப் போனது. 1971இல் 23. செழியன் இரண்டு முறையும் கும்பகோணத்திலிருந்து போனார். (அந்தத் தொகுதியே இப்போது இல்லை, 1977 தேர்தலுக்கு முன் நடந்த மறுவரையறையில் போய்விட்டது.) இந்தக் கட்டத்தில்தான் அவருக்கு மிகவும் பொருத்தமான வேலை கிடைத்தது. 1971 முதல் 1973 வரை பொதுக் கணக்குக் குழுவின் தலைவர்.

இந்தக் குழுவைப் பற்றிச் செய்திகளில் அடிக்கடி கேட்டிருப்போம், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர், மொத்தம் 22. அமைச்சர்கள் இதில் உறுப்பினராக முடியாது. அவை ஒப்புதல் கொடுத்த பணம், எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்குத்தான் செலவானதா, கொடுத்ததைவிட அதிகமாகச் செலவாகியிருக்கிறதா, செலவழித்தவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்பதைப் பார்ப்பது குழுவின் வேலை. அடிப்படை ஆவணம் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை. குழு அறையில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியவர் அமைச்சர் இல்லை, துறைச் செயலாளர். அவரோடு கோப்புகளைச் சுமந்துகொண்டு இணைச் செயலாளர்கள், நிதி ஆலோசகர்கள் வருவார்கள். தணிக்கை அதிகாரிகள் குழுவுக்குத் துணையாக இருப்பார்கள். கதவு மூடியிருக்கும், பத்திரிகையாளர் கிடையாது, பார்வையாளர் மாடம் கிடையாது. கைத்தட்டல் வாங்க வழியே இல்லாத இடம் அது. கோப்பைப் படித்துவிட்டு வந்தவர் மட்டும்தான் அங்கே எதையாவது சாதிக்க முடியும், படிக்காமல் வந்தவரைச் செயலாளர் இரண்டு நிமிடத்தில் வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

குழு அறிக்கை கொடுத்தால் விஷயம் முடிந்துவிடாது. பரிந்துரைகள் மீது என்ன செய்தோம் என்று அரசு ஆறு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், அந்தப் பதிலைப் பார்த்துக் குழு இன்னொரு அறிக்கை கொடுக்கும். ஏற்றுக்கொண்டவை, குழு கைவிட்டவை, பதில் திருப்தி தராததால் மறுபடி வலியுறுத்துபவை என்று அதில் பிரித்திருப்பார்கள். ஒரே விஷயம் மூன்று நான்கு வருடம் இப்படி இழுபடுவதும் உண்டு. பொறுமை இல்லாதவருக்கு இது சரிப்படாது.

1967க்கு முன்பு வரை இந்தக் குழுவுக்கும் ஆளுங்கட்சிக்காரர்தான் தலைவர். அந்த ஆண்டு சுதந்திரா கட்சியின் மினு மசானி தலைவரானதிலிருந்துதான் எதிர்க்கட்சிக்குக் கொடுப்பது என்ற மரபு ஆரம்பித்தது. அடுத்து வாஜ்பாய், அவருக்கு அடுத்து செழியன், செழியனுக்குப் பிறகு மார்க்சிஸ்ட் கட்சியின் ஜோதிர்மய் பாசு. சட்டத்தில் எங்கும் எழுதாத இந்த மரபு இன்றுவரை உடையாமல் இருப்பதற்கு ஆரம்ப ஆண்டுகளில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்ததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். செழியன் விஷயத்தில் ஒரு சங்கடம் இருந்தது. 1971 தேர்தலில் திமுக இந்திரா காந்தியின் காங்கிரசோடு கூட்டணி வைத்துத்தான் வென்றது. அரசில் பங்கு இல்லை, ஆனால் முழு எதிரியும் இல்லை. 518 இடம் உள்ள அவையில் 352 இடத்தோடு ஆளுங்கட்சி இருந்தபோது, தேர்தல் தோழமைக் கட்சிக்காரர் ஒருவர் அரசிடம் கணக்குக் கேட்பது எளிதான காரியம் இல்லை.

அப்புறம் 1975 வந்தது.

ஜூன் 12இல் பிரதமர் இந்திராவின் தேர்தல் வெற்றி செல்லாது என்ற அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 25ஆம் தேதி இரவு நெருக்கடி நிலை. ஜூலை 21இல் நாடாளுமன்றம் கூடியபோது அரசு அலுவல் தவிர வேறு எதுவும் கிடையாது என்று தீர்மானம் போட்டுக் கேள்வி நேரத்தையே நிறுத்தி வைத்தார்கள். தனிநபர் மசோதா கிடையாது, கவன ஈர்ப்பு கிடையாது. வாஜ்பாய், அத்வானி, மது லிமாயே என்று எதிர்க்கட்சி வரிசையில் பல இடங்கள் காலி, ஜோதிர்மய் பாசுவும் சிறையில். பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்க முடியாதபடி செய்யும் 39ஆவது திருத்தம் ஆகஸ்ட் 7ஆம் தேதி மக்களவையில் நிறைவேறியது, 8ஆம் தேதி மாநிலங்களவையில், 10ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல். மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வர வேண்டியிருந்த நாள் ஆகஸ்ட் 11.

திமுக நெருக்கடி நிலையை எதிர்த்தது. செழியன் அவைக்குள் எதிர்த்துப் பேசினார். ஆனால் அவைக்குள் பேசியது வெளியே போனதா என்பதுதான் இங்கே முக்கியம். நாடாளுமன்றத்தில் நடந்ததை உண்மையாக வெளியிடும் பத்திரிகையை வழக்குகளிலிருந்து காப்பாற்றும் சட்டம் ஒன்று 1956இலிருந்து இருந்தது, இந்திரா காந்தியின் கணவர் பெரோஸ் காந்தி தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேறிய சட்டம். 1975 டிசம்பரில் அவசரச் சட்டம் போட்டு அதை நீக்கினார்கள். ஏற்கெனவே பத்திரிகைத் தணிக்கை அதிகாரிகள் நாடாளுமன்றச் செய்திகளையும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதாவது ஓர் உறுப்பினர் எழுந்து பேசலாம், சுருக்கெழுத்தாளர் எடுத்துக்கொள்வார், விவாதத் தொகுதியில் அச்சாகும், ஆனால் அவருக்கு ஓட்டுப் போட்ட கும்பகோணத்துக்காரர் மறுநாள் காலை பேப்பரில் அதைப் பார்க்க முடியாது. நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பத்தி எண் போட்ட புத்தகங்களுக்கு இந்த இரண்டு வருடத்தில் வேறொரு மதிப்பு வந்துவிடுகிறது. அந்தப் பேச்சுகள் முழுசாகத் தங்கிய ஒரே இடம் அந்தப் புத்தகங்கள்தான்.

1976 ஜனவரி 31இல் திமுக அரசு கலைக்கப்பட்டதும் நிலைமை இன்னும் மோசம். மக்களவையில் செழியனோடு உட்கார்ந்திருந்த முரசொலி மாறன், விசாரணை இல்லாமலே சிறையில் வைக்கும் மிசா சட்டத்தில் கைதானார். இன்னொரு உறுப்பினர், முன்னாள் மேயர் சிட்டிபாபு, சென்னை மத்தியச் சிறையில் வாங்கிய அடியின் விளைவாக 1977 ஜனவரியில் இறந்தே போனார். மார்ச் 1976இல் முடிந்திருக்க வேண்டிய மக்களவையின் ஆயுளை இரண்டு முறை நீட்டித்தார்கள்.

1977இல் கழகம் உடைந்தது. நெடுஞ்செழியன் மக்கள் திமுகவைத் தொடங்கிப் பிறகு அதிமுகவுக்குப் போனார், செழியன் ஜனதா கட்சிக்குப் போனார். கட்சி மாறியதை அவர் மீது குறையாகச் சொல்பவர்கள் உண்டு, கழகத்துக்காரர்கள் பலர் அதை மன்னிக்கவே இல்லை. எனக்கு அதில் பெரிய தப்பு தெரியவில்லை, ஏனென்றால் மாறிய பிறகு அவர் பதவி எதையும் பார்க்கவில்லை. ஆனால் அவர் இழந்தது பெரிது. கீழே கிளைகளும் தொண்டர்களும் உள்ள ஒரு கட்சியை விட்டு, தமிழ்நாட்டில் வேரே பிடிக்காத ஒரு கட்சிக்குப் போனார். அதன் பிறகு அவரால் ஒரு மக்களவைத் தேர்தலையும் ஜெயிக்க முடியவில்லை. 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையில் இருந்தார். 1984 டிசம்பரில் தென் சென்னையில் நின்றபோது இந்திரா படுகொலையின் அனுதாப அலை ஒரு பக்கம், அமெரிக்க மருத்துவமனையில் எம்ஜிஆர் ஒரு பக்கம். காங்கிரஸ் வேட்பாளர் நாடறிந்த நடிகை. அந்தத் தேர்தலில் யார் நின்றிருந்தாலும் கஷ்டம்தான்.

மாநிலங்களவையில் அவர் இருந்த காலத்தில்தான் 44ஆவது திருத்தம் வந்தது. 1975 ஜூன் 25 இரவு மறுபடி நடக்காமல் இருக்க எழுதிய திருத்தம் என்றே அதைச் சொல்லலாம். அன்று அமைச்சரவையைக் கூட்டாமலேயே குடியரசுத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, மறுநாள் காலை 6 மணிக்கு அமைச்சர்களைக் கூப்பிட்டுத் தகவல் சொன்னார்கள். அவசரம் என்றால் பிரதமர் அலுவல் விதிகளிலிருந்து விலகலாம், பிறகு அமைச்சரவை ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லும் 12ஆம் விதியை அதற்குக் காரணம் காட்டினார்கள். 44ஆவது திருத்தத்துக்குப் பிறகு அமைச்சரவை முடிவு எழுத்தில் வராமல் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவிக்க முடியாது. ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற வழவழத்த சொல் போய் ‘ஆயுதம் தாங்கிய கிளர்ச்சி’ வந்தது. நாடாளுமன்ற நடவடிக்கைகளை வெளியிடும் உரிமையும் 361ஏ என்ற பிரிவாக அரசியல் சட்டத்துக்குள்ளேயே போய்விட்டது.

அவையை விட்டு வெளியே வந்த பிறகும் அவர் அவையைப் பற்றித்தான் எழுதினார். அதில் முக்கியமானது எம்பிக்களின் தொகுதி மேம்பாட்டு நிதி பற்றியது. 1993 டிசம்பரில் நரசிம்ம ராவ் அறிவித்த திட்டம். முதல் வருடம் ஆளுக்கு 5 லட்சம், பிறகு 1 கோடி, 2 கோடி, 2011இலிருந்து 5 கோடி. இரண்டு அவைகளின் 788 பேருக்கும் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 3,940 கோடி. நம் ஊர்ப் பேருந்து நிழற்குடையில் எம்பி பெயர், நிதியாண்டு, மதிப்பீடு எத்தனை லட்சம் என்று பெயின்டில் எழுதியிருக்குமே, அதுதான். எம்பி பரிந்துரைப்பார், மாவட்ட ஆட்சியர் நிறைவேற்றுவார்.

செழியன் இதை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தார். நிழற்குடை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அரசு செய்த செலவைக் கேள்வி கேட்க வேண்டியவரிடமே செலவழிக்கும் வேலையைக் கொடுத்தால், நாளைக்கு அந்தச் செலவைப் பற்றிக் கேள்வி கேட்பது யார் என்பதுதான் பிரச்சினை. பொதுக் கணக்குக் குழுவில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு இது சும்மா ஒரு தத்துவமாகத் தெரிந்திருக்காது. இந்தத் திட்டத்தின் மீதே தணிக்கை அறிக்கைகள் வந்து குறைகளை அடுக்கின. அரசியல் சட்ட மறுஆய்வு ஆணையம் 2002இல் உடனே நிறுத்தச் சொன்னது, இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையமும் ஒழிக்கச் சொன்னது. 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் திட்டம் செல்லும் என்று தீர்ப்புக் கொடுத்துவிட்டது. எம்பியிடம் போய் எங்கள் தெருவுக்கு விளக்கு வேண்டும் என்று கேட்கும் மக்களுக்கு இந்த வாதம் புரிவது கஷ்டம், கேட்பது தப்பும் இல்லை, ஏனென்றால் கேட்க வேண்டிய ஊராட்சிக்குப் பணமும் அதிகாரமும் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஆனாலும் வாதத்தில் செழியன் பக்கம்தான் நியாயம் இருப்பதாக நினைக்கிறேன்.

அதே 2010இல், 87 வயதில், அவர் செய்த இன்னொரு காரியம் இருக்கிறது. நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரிக்க 1977 மே மாதம் முன்னாள் தலைமை நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் ஆணையம் போட்டார்கள். 1978 மார்ச், ஏப்ரல், ஆகஸ்ட் என்று மூன்று பகுதியாக அறிக்கை வந்தது. 1980இல் இந்திரா மறுபடி ஆட்சிக்கு வந்த பிறகு அந்த அறிக்கை புழக்கத்திலிருந்தே காணாமல் போனது, ஆராய்ச்சி செய்பவர்கள் தேடி அலைந்தார்கள். செழியன் தன்னிடம் இருந்த பிரதியை வைத்து, சென்னையிலிருந்தே அதை மறுபடி புத்தகமாகக் கொண்டுவந்தார்.

அதில் இருப்பது பெரும்பாலும் எண்களும் கோப்புக் குறிப்புகளும். மிசாவில் அடைக்கப்பட்டவர்கள் 34,988 பேர், பாதுகாப்பு விதிகளின் கீழ் கைதானவர்கள் 75,818 பேர். 1976-77இல் கருத்தடை அறுவைக்கு வைத்த இலக்கு சுமார் 43 லட்சம், செய்தது 81 லட்சத்துக்கு மேல். இலக்கைவிட இருமடங்கு நெருங்கிய அந்த எண்ணைப் பார்க்கும்போது எத்தனை ஊர்களில் எத்தனை பேரை எப்படி வண்டியில் ஏற்றியிருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அரசு தன் கையாலேயே எழுதி வைத்திருந்த கணக்கு இது.

2017 ஜூன் 6ஆம் தேதி வேலூரில் செழியன் காலமானார், வயது 94.

அவரைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. நாடாளுமன்றத்தின் மின் நூலகத்தில் விவாதங்கள் ஸ்கேன் செய்து கிடைக்கின்றன. பேச்சுகளுக்குப் போகும் முன் 1971 முதல் 73 வரையான பொதுக் கணக்குக் குழு அறிக்கைகளில் ஒன்றைத் திறந்து பாருங்கள். முதலில் ஒரு சின்ன முன்னுரை இருக்கும். தணிக்கை அறிக்கையை ஆராய உதவியதற்காகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளருக்கும், கேட்ட தகவலைக் கொடுத்ததற்காக அமைச்சக அதிகாரிகளுக்கும் குழு நன்றி சொல்லியிருக்கும். கீழே புது டெல்லி என்ற இடப்பெயர், தேதி, அதற்குப் பக்கத்திலேயே சக ஆண்டுத் தேதி. வலது பக்கம் இரா. செழியன், தலைவர். அடுத்த பக்கத்திலிருந்து கேள்விகள் ஆரம்பிக்கும்.